வலப்பக்கம் கடல்

சைக்கிள் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம்
அடையாள அட்டைக்கு முன்னால் இதைத்தான் கேட்பேன்:
உனக்குப் பள்ளம் பயமா, பாறை பயமா?

சிரிப்பார்கள்.
நான் சிரிப்பதில்லை.
வரைபடத்தில் எங்கள் கோர்சிகாவின் முனை
வடக்கே நீட்டிய ஒற்றை விரல்.
அதைச் சுற்றி ஒரே சாலை, நூற்றுப்பத்துக் கிலோமீட்டர்.
இந்த நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் போகும்.
ஆகவே பாஸ்தியாவிலிருந்து வடக்கே கிளம்பினால்
நாள் முழுக்க உன் வலது முழங்கைக்குக் கீழே கடல்.
மேற்குக் கரையில் அது வெகு ஆழத்தில்;
நடுவே முழங்கால் உயரச் சுவர்,
சில வளைவுகளில் சுவருக்கும் விடுமுறை.
மாற்றிப் போனால் எடுத்த எடுப்பில் கணவாய் ஏற வேண்டும்,
பிறகு தோளை உரசிக்கொண்டே மலை,
தேன்வாசம் அடிக்கும் முட்புதர்,
குண்டு துளைத்த ஊர்ப்பலகை,
பட்டா வாங்கியதுபோல் நடுச்சாலையில் படுத்திருக்கும் பன்றிகள்.

நேற்று ஊட்ரெக்ட்டிலிருந்து வந்த ஃபெம்கெ
மேடே இல்லாத வழி உண்டா என்றாள்.
உண்டு. படகுத்துறை. முந்நூறு மீட்டர்.

நான் மலைப்பக்கம்.
என் கணவன் பத்தீஸ்து கடல்பக்கம்.
பதினெட்டு வருடமாகத் திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு
ஒரே வாசலிலிருந்து ஒரே நேரத்தில்
முதுகு காட்டிப் புறப்படுகிறோம்.
எங்காவது எதிர்ப்படுவோம்.
கையைத் தூக்குவதோடு சரி, நிற்பதில்லை.
எங்கே எதிர்ப்பட்டோம் என்பதுதான் அந்த வாரத்துக் கணக்கு:
காற்றாலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் என்றால் நான் ஜெயித்தேன்,
இந்தப் பக்கம் என்றால் அவன்.
தோற்றவருக்குப் பாத்திரம், வரிக்காகிதம்,
அவன் அக்காவின் தொலைபேசி.

மே மாதம் அவன் பேட்டரி சைக்கிள் வாங்கினான்.
முட்டிவலி, மருத்துவர் சொன்னார் என்றான்.
எந்த மருத்துவர் என்று சொல்லவில்லை.
அடுத்த திங்கள் அவன் எதிரே வந்த இடம் கனாரி.
மலைச்சரிவில் மூடிக்கிடக்கும் கல்நார்ச் சுரங்கம்,
அதன் கீழே நாக்கு தள்ளி நான்,
எனக்குப் பாதி வழிகூட ஆகவில்லை.
அவன் நெற்றியில் ஒரு துளி இல்லை.
கையைத் தூக்கினான். சீழ்க்கை வேறு.

ஏழு திங்கட்கிழமைகள்.
ஏழு வாரப் பாத்திரங்கள்.

இந்தத் திங்கள் லிபெச்சு வீசியது,
தென்மேற்கிலிருந்து வந்து
முதுகில் உள்ளங்கை வைத்துத் தள்ளும் காற்று.
கனாரி தாண்டியது, அவன் இல்லை.
சென்தூரிக்கு மேலே, இல்லை.
கணவாயில் ஒரு பூனை இருந்தது.
முதலில் சந்தோஷம். அப்புறம்
நான் இன்னும் காணாத, அவன் பக்கத்து வளைவுகளை
மனம் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது,
சுவர் உள்ளது, இல்லாதது.

கிழக்கே இறங்கிய நாலாவது திருப்பத்தில் அவன்.
இருபத்துநாலு கிலோ இரும்பை,
வரமாட்டேன் என்கிற கழுதையைப்போல்
தள்ளிக்கொண்டு.
பதினெட்டு வருடத்தில் முதல்முறை பிரேக் பிடித்தேன்.

"செத்துப்போச்சு" என்றான்.
பேட்டரியைத்தான்.

என் சைக்கிளைக் கொடுத்தேன். எட்டே கிலோ.
அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன்.
பாவம், கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை:
எனக்கு இனி இறக்கம், பிறகு கரையோரச் சமதரை,
பேட்டரி எதற்கு?
அவனுக்கு மேற்குக் கரை முழுக்க லிபெச்சு, நேர் எதிரே,
என் உயரத்துக்குத் தாழ்த்திய இருக்கையில்
முழங்கால் காதை இடிக்க, வெட்டுக்கிளி மாதிரி.

ஒன்பது மணிக்கு வந்தான்.
சூப்பைச் சுட வைத்தேன்.
பேசாமல் குடித்தான், இரண்டு கிண்ணம்.
பிறகு மேசைக்கடியில் குனிந்து
சுவரோரம் கிடந்த அந்தச் செருகியைக் கையில் எடுத்து
வெகுநேரம் பார்த்தான்.
யார் பிடுங்கியது என்று கேட்பான், என்ன சொல்வது என்று
நான் ரொட்டித் துணுக்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

கேட்கவில்லை.
சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது.
கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு
பாத்திரம் தேய்க்கப் போனான்.